இல்லாத கல்லறை வரியும் இருக்கின்ற கல்லறை வரியும்

பினாங்குத் தீவில் ஜெலுத்தோங் வட்டாரத்திலோ, அதனை அடுத்துள்ள சுங்கை பினாங், குளுகோர் பகுதிகளிலோ தமிழ்மொழி விழா ஒன்று நடைபெறுமாயின், பேச்சுப் போட்டியில் ஒரு மாணவனேனும் டாக்டர் ஜி. யு. போப்பின் கல்லறையைத் தொடாமல் தன் உரையை முடிப்பதில்லை. குரலைத் தாழ்த்தி, வலக்கையை நெஞ்சின்மேல் வைத்து, "இங்கே ஒரு தமிழ் மாணவன் உறங்குகிறான் என்று தம் கல்லறையில் பொறிக்கச் சொன்னார் போப்" என்று அவன் கூறும் அந்நொடியில் அரங்கம் அதிர்கிறது. நடுவர் எழுதுகோலை எடுக்கிறார். பெற்றோர் கண் துடைக்கின்றனர். அவ்வரியை அம்மாணவனுக்கு எழுதிக் கொடுத்தவர் ஒரு தமிழாசிரியர். அவருக்கு அதனைக் கற்பித்தவரும் ஒரு தமிழாசிரியரே.

அந்தக் கல்லறையோ ஆக்சுபோர்டு நகரில் செயின்ட் செபல்கர் இடுகாட்டில் இன்றும் இருக்கிறது. சென்று பார்த்தவர் பலர். படமெடுத்து வந்தோரும் உளர். அக்கல்லில் அவ்வரி இல்லை. போப் தென்னிந்தியாவில் பணியாற்றியவர், பல்கலைக்கழகத்தில் தமிழும் தெலுங்கும் கற்பித்தவர், பேலியல் கல்லூரியின் குருவாக இருந்தவர் என்பன போன்ற செய்திகளே அதில் உள்ளன. அவர்தம் குடும்பத்தாரும் தென்னிந்தியத் தமிழ் நண்பர்களும் சேர்ந்து அக்கல்லை நாட்டினர் என்பதும் அதில் பொறிக்கப்பட்டுள்ளது. உண்மையில் இச்செய்தி பொய் வரியினும் உயர்ந்தது. பல்லாயிரம் கல்லுக்கு அப்பாலிருந்து தமிழர் பொருள் கொடுத்து ஓர் ஆங்கிலேயருக்குக் கல் நாட்டினர் என்பது போதாதா? போதாது போலும். மேடைக்குக் கண்ணீர் வேண்டும். கண்ணீருக்குக் கதை வேண்டும்.

"நல்லெண்ணத்தில் சொல்லப்படும் கதைதானே, இதனால் வரும் கேடு யாது?" என்று கேட்போர் உளர். கேடு உண்டு, அது சிறியதும் அன்று. அயல்நாட்டிலிருந்து வந்து தமிழரிடையே வாழ்ந்த கிறித்தவத் தொண்டர்களைப் பற்றித் தமிழ் மாணவன் அறிந்திருப்பனவெல்லாம் மூன்றே பொருள்கள்: ஒரு சிலை, ஒரு நூற்பெயர், ஒரு கல்லறை. அத்தொண்டர்கள் காலையில் எழுந்து என்ன செய்தனர், யாரிடம் மொழி கற்றனர், எத்தனை ஆண்டு தடுமாறினர், எதில் தோற்றனர் என்பவற்றை அவன் அறியான். அறியாதபோது தொண்டு என்பது பிறவியிலேயே பெரியோராய்ப் பிறந்தவர்கள் செய்யும் அருஞ்செயல் என்றும், தன்னால் ஆகக்கூடியது கைதட்டுவது ஒன்றே என்றும் அவன் முடிவு செய்துகொள்கிறான். ஓர் ஆசிரியன் ஒரு மாணவனுக்குச் செய்யக்கூடிய தீங்குகளுள் இது சிறியதா?

போப்பையே எடுத்துக்கொள்வோம். 1820இல் கனடாவின் இளவரசர் எட்வர்டு தீவில் பிறந்து, 1839இல் தம் பத்தொன்பதாம் வயதில் சென்னையில் வந்திறங்கியவர் அவர். சாயர்புரம், தஞ்சை, உதகை, பெங்களூர் என நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளிக்கூடங்களிலேயே வாழ்ந்தார். அவர் கை பிரம்பை விடாத கை. அவருடைய கண்டிப்பின் கடுமையால் சிறுசிறு கலகங்கள் எழுந்து அவர் விலக நேர்ந்தது என்று, அவரோடு திருநெல்வேலிச் சீமையில் பணியாற்றிய கால்டுவெல்லே எழுதி வைத்துள்ளார். இதனை எந்தப் பாடநூலும் சொல்வதில்லை. சொன்னால் போப்பின் பெருமை குறையுமோ? குறையாது. சினமும் பிடிவாதமும் உடைய ஒரு பள்ளி ஆசிரியர், தம் பணியிற் பல முறை சறுக்கி, 1886இல் திருக்குறளையும் 1893இல் நாலடியாரையும் 1900இல், தம் எண்பதாம் அகவையில், திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் தந்தார் என்பதே மாணவனுக்கு ஊக்கம் தரும் செய்தி. சினமும் சறுக்கலும் அவனிடமும் உண்டு அன்றோ?

இனி, உண்மையாகவே தம் கல்லறையில் தமிழரை எழுதச் சொன்ன ஒருவர் இருக்கிறார். அவர் பெயரை ஜெலுத்தோங் மேடைகளில் கேட்பது அரிது. அவர் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன்.

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஊஸ்டர் நகரில் 1822ஆம் ஆண்டு அக்டோபரில் பிறந்தவர் கிறீன். அதே ஆண்டு திசம்பரில் யாழ்ப்பாணத்து நல்லூரில் ஆறுமுக நாவலர் பிறந்தார் என்பதை இங்கே நினைவிற் கொள்க. அதன் பயன் பின்னர் விளங்கும். 1847இல் அமெரிக்க மிசனின் மருத்துவராக யாழ்ப்பாணம் வந்த கிறீன், மானிப்பாயில் தங்கினார். யாழ்ப்பாணத்தில் அவருக்கு முன் ஜான் ஸ்கடரும் நேதன் வார்டும் மருத்துவம் செய்திருந்தனர். ஸ்கடரின் பேர்த்தியே பிற்காலத்தில் வேலூர் மருத்துவக் கல்லூரியை உருவாக்கிய ஐடா ஸ்கடர். கிறீன் வந்த காலத்து யாழ்ப்பாணம் வாந்திபேதிக்கும் அம்மைக்கும் அஞ்சி வாழ்ந்த ஊர். கடிதம் ஒன்று பாய்க்கப்பலில் ஊருக்குச் சென்று மறுமொழி வர மாதங்கள் பல ஆகும். அம்மிசனைச் சேர்ந்தோரின் கல்லறைகள் யாழ்ப்பாணத்து மண்ணில் பெருகிக்கொண்டிருந்தன. உடுவிலில் 1824இல் பெண்களுக்கான விடுதிப் பள்ளியைத் தொடங்கிய ஹாரியட் வின்சுலோ 1833இலேயே அங்கு மாண்டார். அவர் கணவர் மைரன் வின்சுலோ உழைத்து முடித்த தமிழ் ஆங்கில அகராதி 1862இல் வெளிவந்தது. அறுபத்தேழாயிரம் சொற்களைத் தாங்கிய அந்நூலை எடுத்துப் புரட்டும் தமிழாசிரியர், அதனுள் எத்தனை சாவுகள் அடங்கியுள்ளன என்பதை எண்ணிப் பார்த்தாரா?

கிறீனின் அன்றாட வாழ்வு மேடைக்கு ஏற்றதன்று. நோயாளிகளைப் பார்ப்பது, அறுவை செய்வது, மருந்து கலப்பது, மாணாக்கர்க்குப் பாடம் நடத்துவது, அவற்றுக்கிடையே தமிழ் படிப்பது, பிறகு மொழிபெயர்ப்பது. மீண்டும் மறுநாள் அதுவே. இதில் கைதட்டுவதற்கு ஏது இடம்? ஆயினும் அந்த உவர்ப்பற்ற, ஒரே மாதிரியான நாள்களிலிருந்துதான் உடற்கூற்றியலும் அறுவை மருத்துவமும் மகப்பேற்று மருத்துவமும் வேதியியலும் தமிழுக்கு வந்தன. 'அங்காதிபாதம்', 'இரண வைத்தியம்', 'மனுஷ சுகரணம்', 'கெமிஸ்தம்' என்பன அந்நூல்களுட் சில. பெயர்களைக் கேட்டு இன்றைய தனித்தமிழ் அன்பர் நகைக்கலாம். ஆனால் கிறீனிடம் ஒரு முறை இருந்தது. தமிழில் சொல் உண்டா என்று முதலில் தேடுவார். இல்லையேல் வடமொழியை நாடுவார். அதுவும் உதவாதபோது ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் உரு கொடுப்பார். கெமிஸ்ட்ரி கெமிஸ்தம் ஆயிற்று. சொல்லுக்காகக் காத்திராமல் பாடத்தைத் தொடங்கிவிட்டார் என்பதே இதில் கவனிக்கத்தக்கது. 1864இல் தமிழிலேயே மருத்துவ வகுப்பு நடத்தத் தொடங்கினார். அவர் பயிற்றிய மருத்துவர் அறுபதின்மருக்கு மேல். அவருள் 33 பேர் தமிழிலேயே பயின்றவர்கள்.

அம்மாணாக்கர் பெயர்களில் டான்போர்த், சாப்மன் என்பனவும் உண்டு. யாரோ வெள்ளையர் என்று மயங்க வேண்டா. அவர்கள் யாழ்ப்பாணத்துத் தமிழர். மிசன் விடுதிகளில் பொருள் கொடுத்துப் பிள்ளைகளைப் படிக்கவைத்த அமெரிக்கரின் பெயர்கள் அப்பிள்ளைகளுக்குச் சூட்டப்பட்டன. பெற்றோர் இட்ட பெயரைத் தொலைத்த அந்தத் தமிழர் இல்லையேல் கிறீனின் நூல்கள் இல்லை. மொழிபெயர்ப்பில் பெரும்பங்கு அவர்களுடையது. தொண்டர் வரலாற்றைத் தனியொருவர் வரலாறாகச் சொல்வோர் இவர்களை இன்னொரு முறை தொலைக்கின்றனர்.

கிறீனிடம் பயின்றோர் சிலர் காற்சட்டையும் சப்பாத்துமாய் வெள்ளையரைப் போல் நடமாடத் தொடங்கியபோது அவர் மகிழவில்லை. தமிழர் தமிழராகவே மருத்துவராக வேண்டும் என்பது அவர் கருத்து. ஆனால் காலம் அவர் பக்கம் நிற்கவில்லை. அரசாங்க வேலைக்கு ஆங்கிலம் வேண்டியிருந்தது. 1870இல் கொழும்பில் மருத்துவப் பள்ளி தோன்றியது. 1873இல் உடல் நலிந்து அவர் தாயகம் திரும்பியபின் தமிழ்வழி மருத்துவம் மெல்ல மெல்ல மடிந்தது. கிறீனோ ஊஸ்டரில் இருந்தபடியே தமிழ் நூல்களைத் திருத்திக்கொண்டிருந்தார். அவர் தமையன் ஆண்ட்ரூ ஹாஸ்வெல் கிறீன் நியூயார்க் மாநகரின் அமைப்பிலேயே பெயர் பதித்த பெரும்புள்ளி. தம்பியோ அந்நாட்டில் ஒருவரும் படிக்கவியலாத எழுத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்த நோயாளி. 1884இல் அவர் மறைந்தார். 'தமிழர்க்கான மருத்துவ ஊழியர்' எனும் பொருள்படத் தம் கல்லறையில் பொறிக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். அவ்வாறே பொறிக்கப்பட்டுள்ளது. இஃது இருக்கின்ற கல்லறை வரி.

1968இல் சென்னையில் இரண்டாம் உலகத் தமிழ் மாநாடு நடந்தபோது கடற்கரையில் போப்புக்கும் கால்டுவெல்லுக்கும் வீரமாமுனிவருக்கும் சிலைகள் எழுந்தன. கிறீனுக்கு அந்த வரிசையில் இடமில்லை. இலக்கியம் மொழிபெயர்த்தவர் சிலையானார். அறிவியல் மொழிபெயர்த்தவர் மறக்கப்பட்டார். இத்தேர்வில் தமிழரின் மனநிலை தெளிவாகத் தெரிகிறது. நம் மொழியின் பழம்பெருமையை அயலார் புகழ்ந்தால் உள்ளம் குளிர்கிறது. நம் மொழியால் இன்று இன்னது செய்யலாம் என்று அயலார் செய்து காட்டினால், அது சுமையாகத் தோன்றுகிறது. ஏனெனில் அதனைத் தொடர வேண்டிய கடமை நம்மைச் சேர்ந்துவிடுகிறது.

இவ்விடத்தில் இருவகை மறுப்புகள் எழும்.

முதலாவது: "அவர்கள் மதம் பரப்ப வந்தவர்கள், மருந்தும் மொழியும் தூண்டில் இரை." இதனை மறுப்பதற்கில்லை. கிறீன் நற்செய்தி ஊழியர். அவர் கல்லறை அதனை மறைக்கவில்லை. மறைப்பவர்கள் மேடைப் பேச்சாளர்களே. போப்பைத் தமிழ் மாணவனாக மட்டும் காட்டி, அவர் குருத்துவத்தை ஒரு வேடம்போல் கழற்றி வைப்பது அவருக்கும் இழுக்கு, கேட்போர்க்கும் ஏமாற்று. அவர்கள் எதற்காக வந்தனர் என்பதைத் திறந்து சொல்ல வேண்டும். அதன்பின் எப்படி வாழ்ந்தனர் என்பதையும் சொல்ல வேண்டும். நோக்கத்தை ஏலாமலே முறையைக் கொள்ள முடியும் என்பதற்கு நாவலரே சான்று. வெசுலிய மிசன் பாதிரியார் பெர்சிவலுடன் இருந்து விவிலிய மொழிபெயர்ப்பில் உழைத்த அவர், மிசன் பள்ளி எவ்வாறு நடக்கிறது, அச்சுக்கூடம் எவ்வாறு இயங்குகிறது, வாரந்தோறும் மக்களைக் கூட்டி எவ்வாறு உரையாற்றுவது என்பனவற்றை அருகிருந்து கண்டார். 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப் பள்ளி தொடங்கினார், அச்சுக்கூடம் நிறுவினார், நூல்களைப் பிழையற அச்சிட்டார், பாதிரிமாரை அவர்தம் கருவிகளாலேயே எதிர்த்தார். மிசனரிமாரைக் கடுமையாக எதிர்த்தவர், அவர்களிடமிருந்து மிகுதியாகக் கற்றவராகவும் இருந்தார். இன்று அவர்களை ஏசுவோரோ, புகழ்வோரோ, அவர்களிடம் ஒன்றும் கற்பதில்லை.

இரண்டாவது மறுப்பு: "அது வேறு காலம், இன்றைய ஆசிரியரும் மாணவரும் அவ்வாறு வாழ இயலுமா?" இதற்கு மறுமொழி தேட மானிப்பாய்க்குச் செல்ல வேண்டியதில்லை. ஜெலுத்தோங்கிலேயே, பத்து லஞ்சாங் சந்தில், 'ஏழைகளின் சிறிய சகோதரிகள்' எனும் சபையினரின் முதியோர் இல்லம் இருக்கிறது. அச்சபையின் வரலாறு எளியது. 1839இல் பிரான்சு நாட்டில் பணிப்பெண்ணாக இருந்த ழான் ஜூகான், பார்வை இழந்த ஒரு மூதாட்டியைத் தம் வீட்டுக்குக் கொண்டுவந்து தம் படுக்கையிற் கிடத்தினார். வேறு திட்டம் ஏதுமில்லை. பின்னர்ச் சபை வளர்ந்தபோது அவரையே பின்னுக்குத் தள்ளி, தொடக்கியவர் தாம்தான் என்று ஒரு குரு பெயரெடுத்தார். ழான் ஜூகான் இருபத்தேழு ஆண்டு ஒதுங்கியிருந்து 1879இல் இறந்தார். சபைப் பெண்கள் பலருக்கே அவர்தாம் நிறுவனர் என்பது தெரியாது. 2009இல்தான் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டார். கல்லறை வரியைப் பற்றிக் கவலைப்பட்டவராகத் தெரியவில்லை!

அச்சபைச் சகோதரிகள் ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல் என்பவற்றோடு விருந்தோம்பல் எனும் நான்காவது வாக்கும் அளிக்கின்றனர். விருந்தோம்பல் திருவள்ளுவருக்கு ஓர் அதிகாரம். இவர்களுக்கு வாழ்நாள் ஒப்பந்தம். நிலையான வருவாயைச் சார்ந்திராமல், சந்தையிலும் கடையிலும் கையேந்தி முதியோரைக் காப்பது அச்சபையின் மரபு. பிறந்த நாட்டை விட்டு, அனுப்பிய இடத்துக்குச் செல்கின்றனர். முதியவர்களைக் குளிப்பாட்டுவதும், ஊட்டுவதும், சாகும் தறுவாயில் இருப்பவரைத் தனியே விடாமல் இரவெல்லாம் அருகிருப்பதும் அவர்தம் அன்றாடம். பினாங்குத் தீவில் முதியவர் என்றால் தமிழ் பேசுபவரும் உண்டு, மலாய் பேசுபவரும் உண்டு, ஹொக்கியன் மட்டுமே அறிந்தவரும் உண்டு. எந்த மொழியில் ஒருவர் தண்ணீர் கேட்கிறாரோ அந்த மொழி தெரிய வேண்டும். போப் சாயர்புரத்திலும் கிறீன் மானிப்பாயிலும் கற்ற முதற்பாடம் அதுவே.

மாணவர் தொண்டு என்ற பெயரில் இன்று நடப்பதை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். புறப்பாட நடவடிக்கைக்கு மதிப்பெண் தேவைப்படும் பருவத்தில் ஒரு பேருந்து புறப்படுகிறது. முதியோர் இல்லத்தின் வாயிலில் பதாகை விரிக்கப்படுகிறது. பிசுக்கோத்துத் தகரங்கள் கைமாறுகின்றன. முதியவர் நடுவில், மாணவர் இருபுறம், ஆசிரியர் பின்னால், படம். இரண்டு மணி நேரத்தில் பேருந்து திரும்பிவிடுகிறது. அடுத்த ஆண்டு வேறு இல்லம், வேறு படம். அந்த முதியவரின் பெயரை ஒரு மாணவனாவது கேட்டானா? பக்கத்துப் படுக்கையில் இருக்கும் சீன மூதாட்டியிடம் "சியா பா பொய்?" என்று, சாப்பாடு ஆயிற்றா என்று, அவர் மொழியில் கேட்கத் தெரிந்தவன் எத்தனை பேர்? ஜெலுத்தோங் சந்தையில் மீன் வாங்கும் தமிழ்த் தாய்க்கு ஹொக்கியன் வருகிறது. அவள் மகனுக்குப் பள்ளி அதனை ஒரு செல்வமாகக் கருதவே கற்பிக்கவில்லை.

ஆசிரியர் கதை மட்டும் வேறோ? தம் மாணவனின் வீடு எந்த அடுக்குமாடியின் எந்த மாடியில் இருக்கிறது என்பதை அறியாமலே ஓய்வு பெறுவோர் உளர். ஏமி கார்மைக்கல் 1895இல் இந்தியா வந்தவர், டோனாவூரில் 1951இல் இறக்கும் வரை ஒரு முறையேனும் தாயகம் திரும்பவில்லை. அந்த அளவு யாரும் கேட்கவில்லை. மணியடித்தபின் அரைமணி நேரம் கேட்பது பெரிதா?

தமிழனுக்கே இது இயலும் என்பதற்கும் இந்நாட்டில் சான்று உண்டு. தனிநாயக அடிகள் யாழ்ப்பாணத்து ஊர்காவற்றுறையினர், கத்தோலிக்கக் குரு. ஆங்கிலமும் இலத்தீனும் கற்று, உரோமையில் பயின்று வந்த அவர், நெல்லை மாவட்டத்து வடக்கன்குளம் பள்ளியில் ஆசிரியராக அமர்ந்தபின்னரே பண்டிதர் ஒருவரிடம் தமிழை முறையாகக் கற்கத் தொடங்கினார். வளர்ந்த ஒருவர், துணைத் தலைமையாசிரியர் பதவியில் இருப்பவர், தம் தாய்மொழியை மாணவனாய் உட்கார்ந்து கற்பதற்கு எத்துணைப் பணிவு வேண்டும்! பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் சென்றார். 1961இல் மலாயாப் பல்கலைக்கழக இந்திய இயல் துறைக்கு வந்து, 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாட்டை நடத்திக் காட்டினார். மாநாட்டைப் பாடுவோர், வடக்கன்குளத்து வகுப்பறையை மறந்துவிடுகின்றனர்.

இவை யாவும் பழங்கதை அல்ல என்பதற்கு ஒன்றை நினைவூட்ட வேண்டும். 2003இல் இந்நாட்டுப் பள்ளிகளில் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்துக்கு மாறின. அத்திட்டம் பின்னர்க் கைவிடப்பட்டது; 2016இல் இருமொழிப் பாடத்திட்டம் என்ற பெயரில் அக்கேள்வி மீண்டும் வந்தது. தமிழ்ப்பள்ளிகளிலும் அதனை விரும்பி ஏற்றோர் இருந்தனர். அவர்கள் சொன்ன காரணங்கள் யாவை? தமிழில் கலைச்சொல் போதாது, தமிழில் படித்தால் மேற்படிப்புக்கு இடர், பெற்றோர் விரும்புகின்றனர். இம்மூன்றும் மானிப்பாயில் கிறீனிடம் சொல்லப்படக்கூடியனவாகவே இருந்தன. அவர் அரத்த நாளங்களையும் நரம்பையும் எலும்பையும் தமிழில் கற்பித்து மருத்துவரை ஆக்கினார். இங்கோ ஒளிச்சேர்க்கையையும் மின்சுற்றையும் பத்து வயதுக் குழந்தைக்குத் தமிழில் சொல்ல இயலாதென்று தமிழரே வாதிட்டனர். வேலை வாய்ப்பைப் பற்றிய பெற்றோரின் அச்சம் பொய்யன்று. கிறீனின் வகுப்பை மடிவித்ததும் அதே அச்சம்தான். ஆனால் அச்சத்தைக் காரணமாகச் சொல்லட்டும். மொழியின் இயலாமையைக் காரணமாகச் சொல்ல வேண்டா. அந்த வழக்கு 1864இலேயே தீர்ந்துவிட்டது.

ஆதலால் போட்டிக்கு உரை எழுதிக் கொடுக்கும் ஆசிரியர்கள் அடுத்த முறை அக்கல்லறை வரியை முதலில் அடித்துவிடட்டும். மிஞ்சும் அரை நிமிடத்தில் மானிப்பாயில் தமிழில் நடந்த ஒரு மருத்துவ வகுப்பைப் பற்றி மாணவன் பேசட்டும். கைதட்டல் குறையக்கூடும். நடுவர் வரிசையில் இருப்போர், அவ்வரி வரும் உரைக்கு அதன்பொருட்டு மதிப்பெண் தராதிருக்கட்டும். மாணவரை இல்லத்துக்கு அழைத்துச் செல்வோர், பத்து இல்லங்களுக்கு ஒவ்வொரு முறை செல்வதை விடுத்து, பத்து லஞ்சாங்குக்கோ வேறோர் இல்லத்துக்கோ ஆண்டில் பத்து முறை செல்லட்டும். பதாகை வேண்டா, மாணவன் கையில் ஒரு சிறு ஏடு போதும். ஒவ்வொரு முதியவரின் பெயரும், அவர் எந்த மொழியில் தண்ணீர் கேட்கிறார் என்பதும் அதில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.